சேரக் கூடாதவர்கள்

"அந்த ரெண்டு பேரையும் ஒரே பந்தியில போடுங்க. ஒரு வாரத்துல ராசியாயிடுவாங்க" என்றார் மேனேஜர்.

டைம் அக்காவுக்குத் தலை விண்ணென்று வலித்தது.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துத் தேய்த்து அனுப்பும் கம்பெனி அது. யார் எப்போது உள்ளே வர வேண்டும், யார் எப்போது இடைவேளைக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் விதி போட்டு வைப்பது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். புது மென்பொருள் வந்ததிலிருந்து அவளுக்கு மட்டும் இடைவேளையே கிடையாது.

பாதிப் பேர் முன்னால் இடைவேளைக்குப் போவார்கள், பாதிப் பேர் பின்னால். முன் பந்தி, பின் பந்தி என்று வேலையாட்கள் கிண்டலாகப் பெயர் வைத்திருந்தார்கள். யாருக்கு எந்தப் பந்தி என்று மெஷினே தினமும் மாற்றிப் போட்டுவிடும். மேனேஜர் சொல்லாமல் அதில் யாரும் கை வைக்க முடியாது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அடித்துக்கொள்கிற ஆட்களை 'சேரக் கூடாதவர்கள்' என்று குறித்துவிட்டால், மெஷின் அவர்களை ஒரு நாளும் ஒன்றாகப் போடாது.

இந்த ஓரகத்திகள் அப்படிக் குறிக்கப்பட்டவர்கள். மூத்தவள் மடிப்பு மேசையில், இளையவள் இஸ்திரி மெஷினில். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டவர்கள். போன மாதம் தண்ணீர்க் குழாயடியில், ஒருத்தி முடியை ஒருத்தி பிடிக்காத குறை.

"அவ பக்கத்துல இருந்தா எனக்குச் சோறு இறங்காதுக்கா" என்று வந்து நின்றாள் இளையவள்.

"அவ மூச்சுக்காத்து பட்டாலே எனக்கு ஆகாது" என்று பின்னாலேயே வந்தாள் மூத்தவள்.

டைம் அக்கா பிரித்துப் போட்டாள். தொல்லை விட்டது என்று இருந்தாள்.

இப்போது மேனேஜர் விடவில்லை. "நாமெல்லாம் ஒரே குடும்பம் மாதிரிம்மா. இதுங்களைப் பார்த்து மத்தவங்களும் கெட்டுப் போவாங்க. அந்தக் குறியை எடுத்துட்டு, ரெண்டு பேரையும் பின் பந்தியில சேர்த்துப் போடுங்க."

எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. எடுத்தாள்.

மறுநாளே இளையவள் வந்துவிட்டாள். "அக்கா, உங்க கால்ல விழுறேன். பழையபடி பிரிச்சுப் போடுங்க."

"அப்படி என்னம்மா உங்களுக்குள்ள? சொத்துத் தகராறா?"

"அதெல்லாம் இல்லக்கா. அவளைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது."

"வரட்டும். இங்க தண்ணிக்கா பஞ்சம்?"

அவள் போனதும் மூத்தவள் வந்தாள். அதே கெஞ்சல், அதே கண்ணீர். சண்டை போடுவதிலாவது ஒற்றுமையாக இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள் டைம் அக்கா. மேனேஜர் சொல்லை மீற முடியாது என்று அவளையும் திருப்பி அனுப்பினாள்.

மூன்று நாள் கழித்து, வாசலில் விரல் ரேகை பார்க்கும் மெஷின் விடாமல் அலறியது. இடைவேளை முடிந்து தாமதமாக வந்தால் அது விரலை ஏற்காது. டைம் அக்காதான் போய்த் திறந்துவிட வேண்டும். போனாள். ஓரகத்திகள் இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள்.

"சண்டை போட்டதுல நேரம் போனது தெரியலையா?"

இளையவள் தேம்பிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் முழங்கை வரை ஈரம். மூத்தவள் இளையவளின் தோளை அணைத்தபடி, அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

டைம் அக்காவுக்கு ஒன்றும் ஓடவில்லை. இருவரையும் தன் அறைக்குக் கூட்டிப் போனாள்.

"மாமியாருக்கு முதுகுல புண்ணு வந்திருச்சுக்கா" என்றாள் மூத்தவள். "படுத்த படுக்கை. அவங்களால புரண்டு படுக்க முடியாது. வீடு பின் தெருவுலதான். முன் பந்தி கிடைச்சவ ஓடிப்போய் திருப்பிப் படுக்க வச்சு, துணி மாத்திட்டு வருவா. பின் பந்தியில இன்னொருத்தி போவா. இப்போ ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போக முடியுது. அதுவரைக்கும் அந்த மனுஷி ஈரத்துலயே கிடக்குது."

"இதை மேனேஜர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"முதல்லயே சொன்னோம்க்கா. வீட்டு விஷயத்துக்கெல்லாம் மெஷின்ல இடம் இல்லன்னுட்டாரு. அந்த வாரந்தான் டிரைவருங்க ரெண்டு பேர் சட்டையைக் கிழிச்சுக்கிட்டாங்க. அவங்களை மட்டும் மறுநாளே பிரிச்சுப் போட்டீங்க." மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சண்டைக்கு இடம் இருக்குன்னு அப்பதான்க்கா தெரிஞ்சுது."

டைம் அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. அந்த டிரைவர்களைக் குறித்ததும் அவள் கைதான்.

கதவு திறந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிறாங்க? ராசியாயிட்டாங்களா?"

மூத்தவளின் கை இளையவளின் தோளிலிருந்து சட்டென்று இறங்கியது. இளையவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு ஏன் அழுவுது?"

"இவ கிள்ளிட்டா சார்" என்றாள் டைம் அக்கா.

மேனேஜரின் சிரிப்பு போய்விட்டது. "நாலு நாள் ஒண்ணா இருந்துமா?"

டைம் அக்கா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, எடுத்த குறியை மறுபடியும் போட ஆரம்பித்தாள்.

"என் சர்வீஸ்ல இவ்வளவு மோசமான ஓரகத்திகளைப் பார்த்ததே இல்ல சார். இந்த ஜென்மத்துல இவங்க ஒத்துப்போக மாட்டாங்க."