தோலுக்கு அடியில்

ஜெசிந்தாவுக்கு நான்கு வயதில் கொதிக்கும் கஞ்சி தலையில் கொட்டி, உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடி வேரோடு போய்விட்டது. பானையைக் கைதவறவிட்டது அம்மா. இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு மருத்துவர் வழி சொன்னார். முடி உள்ள பக்கம் தோலுக்கு அடியில் ரப்பர் பை ஒன்றை வைத்துத் தைத்தார். வாரந்தோறும் அதில் உப்புநீர் ஏற்றினால் தோல் விரியும். பிறகு வழுக்கையை அறுத்தெடுத்துவிட்டு, விரிந்த தோலை இழுத்து மூடிவிடலாம்.

ஆறாவது வாரம் காதுக்கு மேலே இன்னொரு தலை முளைத்தது போலிருந்தது. புரண்டால் வெடித்துவிடுமோ என்று பயந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

ஏழாவது வாரம் ஊசி வழியே நீர் ஏறும்போது மண்டை பிளப்பது போல் வலித்தது. மருத்துவர் நிறுத்திவிட்டு வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். வெளுத்த இடம் மறுபடி சிவக்க நேரமாயிற்று.

"இப்பவே மூடினா ஒரு ரூபாய்க் காசு அளவு தழும்பு மிஞ்சும். இன்னும் அஞ்சு மில்லி ஏத்தினா முழுசா மூடலாம். ஆனா தோல் தாங்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது."

"தாங்கலன்னா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"கிழியும். அப்புறம் இந்தப் பக்கமும் முடி வராது."

"போதும் டாக்டர்," என்றாள் எதிரே நின்ற அம்மா. "அந்தத் தழும்பு இருந்துட்டுப் போகட்டும்."

ஜெசிந்தா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்துங்க," என்றாள்.

அவர் ஊசியை மெல்ல அழுத்தத் தொடங்கினார். தன் தலையில் என்ன நடக்கிறது என்பதை ஜெசிந்தா அம்மாவின் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.