கோணல் குழாய்
கார் கொட்டகையில் கம்ப்ரசர் தடதடத்து அடங்குகிறது. நேற்று அதன் காற்றோடு வந்த தண்ணீர், அலமாரிக் கதவில் தங்கை ஸ்ப்ரே கன்னால் அடித்த பெயிண்டைக் கொப்புளமாக்கிவிட்டது. இன்று கம்ப்ரசரிலிருந்து சுவரோரமாகப் புதுக் காற்றுக்குழாய். வாசல் வெளிச்சத்தை மறித்து நிற்கும் அண்ணன் வாயைக் கோணிச் சிரிக்கிறான். "அடிக்கத் தெரியல, காத்து மேல பழி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இப்ப குழாயும் கோணல்!" "கோணலாத்தான்ணே மாட்டினேன். சரிவுல வழிஞ்சு தண்ணி கடைசில சேரட்டும்." குழாயின் தாழ்ந்த முனையில் உள்ள திருகைத் திறக்கிறாள். துருநிறத் தண்ணீர் சீறி அவன் செருப்பை நனைக்கிறது. திருகை மூடிவிட்டு, ஸ்ப்ரே கன்னால் பழைய முகக்கண்ணாடிமேல் வெறுங்காற்றை அடிக்கிறாள். ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. கண்ணாடியை அவன் முகத்துக்கு நேரே திருப்புகிறாள். "கோணல் எங்க இருக்குன்னு நீயே பாரு."