தவசிக்கனி வீட்டு விசா

ஒரு வீட்டைத் தனி நாடாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சட்டம் வந்த மறுவாரமே, தூத்துக்குடி தவசிக்கனியின் வீடு நாடாகிவிட்டது. மகள் ஜெபசீலி சர்வதேச உறவுகள் படிக்க வாங்கிய நாற்பத்திரண்டு லட்சத்துக்கு அந்த வீடுதான் அடமானம். படிப்பு முடிந்து நாலு வருஷமாகியும் அது ஒரு பைசா சம்பாதித்துத் தரவில்லை.

ஜப்தி செய்ய வந்த வங்கி அதிகாரியை ஜெபசீலி கேட்டிலேயே நிறுத்தினாள். தவசிக்கனி ஜன்னலோரம் நின்று பார்த்தார்.

"விசா இருக்கா சார்?"

"ஏம்மா, இது ஜப்தி நோட்டீஸ்."

"அது உங்க நாட்டு நோட்டீஸ். எங்க விசா விண்ணப்பத்துக்கு இருநூறு ரூவா."

அதிகாரி சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டினார். ஜெபசீலி படிவத்தை நிதானமாக வாசித்து, வருகையின் நோக்கம் சரியில்லை என்று எழுதி, மறுப்பு முத்திரை குத்தினாள்.

"நாளைக்கும் வருவேன்!"

"தாராளமா வாங்க. நாளைக்கும் இருநூறுதான்."

தவசிக்கனி காலண்டர் தாளைக் கிழித்துக் கணக்குப் போட்டார். வட்டியைத் தள்ளிவிட்டால், இந்த அதிகாரி ஞாயிறுகூட விடாமல் வந்தால், ஐம்பத்தெட்டு வருஷத்தில் கடன் முழுக்க அடைந்துவிடும். கேட்டுக்கு ஓடி வந்தார்.

"தம்பி, உங்களுக்குச் சுகர், பிரஷர் ஒண்ணும் இல்லையே?"