கீழ் வரிசை, இடது பக்கம்

ஜூன் ஒன்பது, திங்கள். தவறு சின்னதுதான். குடைக்காரியின் கணவனுக்கு இந்த வாரம் பகல் ஷிப்ட் என்று கணக்குப்பிள்ளை தப்பாக எண்ணிவிட்டாள்.

போனை அவன் எடுத்தான்.

அந்த அலுவலகத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வீட்டில் அடி தாங்க முடியாமல் உதவி தேடி வருகிற பெண்களின் பெயர் சுவருக்குக்கூடத் தெரியக் கூடாது என்பது அதை நடத்துகிற பெரியக்காவின் சட்டம். மழையே இல்லாத நாளில் குடையைத் தாழப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு வந்தவள், குடைக்காரி. எதையும் மூன்று முறை சரிபார்த்துவிட்டு, நான்காவதாகத் தன்னையே சந்தேகப்படுகிற இளையவள், கணக்குப்பிள்ளை. பகலில் அந்தப் பெண்களுக்குத் துணை நிற்பது, மாலையில் சட்ட வகுப்பு, இதுதான் அவள் நாள்.

மாடியில் இருக்கும் அலுவலகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கீழே இருக்கும் பல் ஆஸ்பத்திரிக்குத்தான் பலகை. ஆகவே வீட்டில் வேறு யாராவது போனை எடுத்தால், பல் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாகச் சொல்லிவிட வேண்டும். டாக்டரும் இதற்கு உடன்பட்டிருந்தார்.

ஒரே ஒரு வாக்கியம். அதற்கு மேல் ஒரு சொல் பேசாமல் போனை வைத்துவிட வேண்டும்.

“பல் ஆஸ்பத்திரியில இருந்து பேசறோம் சார். வீட்டம்மாவை நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வரச் சொல்லுங்க.”

குரல் நடுங்காமல் சொல்லி முடித்தாள்.

“அடடா, ரொம்ப நல்லதும்மா. பல்லைக் கவனி, பல்லைக் கவனின்னு நானும் தலைபாடா அடிச்சுக்கறேன். எங்க கேக்கறா?”

இப்படி ஒரு குரலைக் கேட்டுத்தான் யாரோ நம்பிப் பெண்ணைக் கொடுத்திருப்பார்கள்.

அவனுக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பிறகு குழாய் நின்றது. குடைக்காரி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்போது வைத்திருக்க வேண்டும்.

“ஆமா, எந்தப் பல்லும்மா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே.”

வைத்தால் சந்தேகப்படுவான். கூப்பிடுகிற ஆஸ்பத்திரிக்கு எந்தப் பல் என்று தெரியாமலா இருக்கும்? கணக்குப்பிள்ளையின் நாக்கு அவளுடைய கடைவாயை ஒரு முறை தடவிப் பார்த்தது.

“கீழ் வரிசை சார். இடது பக்கம், கடைசிக்கு முந்தினது.”

இவ்வளவு துல்லியமான பொய்யை யார் சந்தேகப்படுவார்கள்?

“கீழ் வரிசை. இடது பக்கம்.” குறித்துக்கொள்பவனைப் போல அவன் நிதானமாகத் திருப்பிச் சொன்னான். “சரிம்மா. நானே கூட்டிட்டு வரேன்.”

போனை வைத்ததும் பெரியக்காவிடம் ஓடினாள்.

“ஷிப்டைத் தப்பா எண்ணிட்டேன்க்கா. அவன் வீட்டுல இருக்கான்.”

“கணக்குப்பிள்ளைக்கே கணக்கு தப்பிடுச்சாடி?” என்றாள் பெரியக்கா. கேலி வாயில்தான் இருந்தது. கை அதற்குள் போனை எடுத்து, தெரிந்த பெண் போலீஸ் ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வாடகைக்கு இருப்பவர்களின் விவரம் சரிபார்ப்பதுபோல அந்தத் தெருவுக்குப் போய், அந்த வீட்டையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

கணக்குப்பிள்ளை நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். ஷிப்ட், குழாய்ச் சத்தம், அவன் சிரித்த சிரிப்பு.

பல்லைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது அவளுக்குத் தவறாகவே படவில்லை.

பகல் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது. சாப்பாட்டைத் திறந்து, மூடி வைத்தாள். போன் அடிக்காதபோதெல்லாம் அடித்ததுபோல இருந்தது. குடைக்காரிக்கு ஏதாவது ஆனால் அது தன் விரல் அழுத்திய எண்ணால்தான் என்று திரும்பத் திரும்ப நினைத்தாள்.

வகுப்புக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் அந்தப் பெண் போலீஸிடமிருந்து போன் வந்தது. பெரியக்கா அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

“போய்ப் பாத்தேன்க்கா. சண்டை சச்சரவுன்னு ஒண்ணும் தெரியல. அவரே சிரிச்சுக்கிட்டுக் கதவைத் திறந்தாரு, உள்ள வாங்க, தண்ணி குடிங்கன்னாரு. அந்தப் பொண்ணும் வந்து நின்னுச்சு. நம்ம முகத்தையே பாக்குது, வாய்தான் திறக்கல.”

கணக்குப்பிள்ளைக்கு உயிர் திரும்பி வந்தது. நிற்கிறாள். நிற்கிறாள், அது போதும்.

“ஏன் திறக்கல?” என்றாள் பெரியக்கா.

“பல்வலியாம்க்கா. துணியை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர்கிட்ட காட்டறோம்னு அவரே சொன்னாரு.”

பெரியக்காவின் நெற்றி சுருங்கியது. “பல்வலியா? அவளுக்குப் பல்லுல ஒரு கோளாறும் இல்லையே. நாமதானே சும்மா சொன்னோம்?”

கணக்குப்பிள்ளை போனுக்கு அருகே குனிந்தாள்.

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம். ஏன்மா?”

அடிக்க வேண்டிய இடத்தை அவளே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அன்று அவள் வகுப்புக்குப் போகவில்லை.

நாளை பத்து மணிக்குள் செய்ய வேண்டியது: பல் ஆஸ்பத்திரியின் பின்கதவைத் திறந்து வைத்து, வெளியே குடைக்காரியை ஏற்றிப்போக ஒரு வண்டியை நிறுத்த வேண்டும். அதற்கு முன் டாக்டரைப் பார்த்து, கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தினது என்று சொல்ல வேண்டும்.