அபாத்திரம்

“நாளைக்கு எங்கம்மாவுக்கு மொதல்ல பாத்திரத்தக் கொடுங்க.”

எது கேட்டாலும் இதை மட்டும் சபையில் கேட்டுவிடாதே என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். கேட்டுவிட்டேன்.

சபைச் செயலர் ஞானாபரணம் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நாளை சீர்திருத்தத் திருநாளில் வாசிப்பதற்காக, லுத்தரோடு நின்ற ஒரு ஜெர்மன் போதகரின் வாழ்க்கையை இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னவர் அவர்தான். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். போதகர் பிறந்தது, படித்தது, மணமுடித்தது எல்லாவற்றுக்கும் செயலர் டிக் போட்டிருந்தார். ஒரே ஒரு வரியை அடித்திருந்தார்: ‘குருமார் மட்டும் குடித்த இராப்போசனத் திராட்சரசப் பாத்திரத்தை அவர் எல்லாருக்கும் கொடுத்தார்.’

“இந்த வரி எதுக்கும்மா? வீணா சலசலப்பு. ஒங்க தெருவுக்கும் கொடுக்கிறோம்ல?”

“கடைசியா.”

“கடைசின்னாலும் அதே திராட்சரசந்தானே, சுகிர்தா! வரிசைய மீறினா அபாத்திரமாக் குடிச்ச பாவம் வந்து சேரும். தகுதின்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அந்தப் பாத்திரத்த வாராவாரம் பல்பொடி போட்டுத் தேய்க்கிறது எங்கம்மா கை, ஐயா. தேய்க்கிறப்ப பாத்திரம், குடிக்கிறப்ப மட்டும் அபாத்திரமா?”

அவர் பேனாவை மூடினார். “படிச்ச திமிரு.”

“ஆமா.”

தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். குழாயடியில் அம்மா வெள்ளிப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு நான் மொத வரிசைம்மா. வர்றியா?” என்று கேட்டுவிட்டு நிற்காமல் நடந்தேன்.

தேய்க்கும் சத்தம் நின்றது.