நேரே பார்த்தால்தான் தெரியும்

பதுளை டிவிக் கடையில் வைத்தே மாடசாமிக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

“எங்க உட்கார்ந்தாலும் தெரியுற பிளாஸ்மாவை விட்டுட்டு இதையா எடுக்குற?”

“கொழும்புல நான் உழைச்ச காசுப்பா,” என்றாள் மகள் லோகேஸ்வரி.

கடைக்கார ஜுனைதீன் நானாவும் சொல்லிப் பார்த்தார். “இந்த எல்சிடி, பக்கவாட்டுல இருந்து பார்த்தா கறுத்துத்தான் தெரியும் மகள்.”

“அதுதான் வேணும்,” என்றாள் அவள்.

பழைய டிவி அப்பாவின் நாற்காலியைப் பார்த்தபடி இருந்தது; தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்ததும், புதியதை அடுப்படியைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

நாற்காலியில் சாய்ந்த மாடசாமி கத்தினார். “அடியே, எனக்கு ஒரு மண்ணும் தெரியலையே!”

“சத்தம் கேட்குதுல்ல?” மகள் சீறினாள். “கொழுந்து பறிச்சிட்டு வந்து உங்களுக்கு ரொட்டி சுடுற அம்மா, இத்தனை வருசமா அடுப்படியில இருந்து சத்தத்தை மட்டுந்தானே கேட்டுச்சு!”