குசினிச் சத்தம்

குசினியில் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இன்பாஸ் முன்னறைக் கதிரையை விட்டு எழும்பாமல் கத்தினான்.

“பிழை! பத்து வெட்டு வெட்டினா ஒருக்கா நிப்பாட்டிக் கண்ணைத் துடைக்க வேணும். எத்தினை தரம் சொல்லுறது?”

உள்ளே சத்தம் அதே வேகத்தில் தொடர்ந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த டிலக்சன் அப்படியே நின்றுவிட்டான். துறைமுகப் பட்டறையில் இன்பாஸோடு வேலை செய்பவன். “ஆரடா உள்ளுக்கு? ஆரைப் பேசுறாய்?”

“மோட்டாரை.”

டிலக்சன் குசினித் திரையை விலக்கிப் பார்த்தான். விரலளவு மோட்டார் ஒன்று மழுங்கல் கத்தியைத் தூக்கித் தூக்கிப் பலகையில் போட்டது. வெங்காயம் இல்லை. இன்னொன்று கரண்டியைப் பிடித்தபடி வெறும் சட்டிக்கு மேலே காத்திருந்தது. மூன்றாவது, சூடான சோல்டரிங் அயனை ஈரப் பஞ்சில் குத்தியது. ‘சுர்ர்’ என்று தாளிப்புச் சத்தம் எழும்பியது.

“மச்சான், உனக்கு என்ன நடந்தது?”

“சோறு வாறதை நிப்பாட்ட வேணும்.”

இன்பாஸின் மனைவி அப்ரா மௌத்தாகி எட்டு மாதம். சாவு நடந்த மையித்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியாது. அயலவர்தான் சோறு கொடுப்பார்கள். உள்துறைமுக வீதிக்குப் பின்னால் கிடந்த அந்த ஒழுங்கையில், மூன்றாம் நாளோடு நிறுத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை.

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். இன்பாஸ் அதில் பிஸ்கட் போட்டுக் கொடுப்பான். பிஸ்கட் வந்த பாத்திரத்தை அவர்களும் சும்மா வைத்திருக்க மாட்டார்கள்.

“வெளிய வாற வழி எழுதாத லூப்,” என்றான் இன்பாஸ்.

சோற்றில் குறை இல்லை. நாளுக்கு மூன்று தரம் கேற்றடியில் நின்று, சோற்றோடு சேர்த்து “பாவம்” என்ற சொல்லையும் வாங்குவதுதான் ஏலாமல் இருந்தது. ஒருநாளாவது யாருக்கும் பாவமாக இல்லாமல் ஒரு கோப்பை நூடில்ஸ் அவித்துத் தின்ன வேண்டும். அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

“அப்ப வாணாம் எண்டு சொல்லன்.”

“சொன்னனான். கவலையில கதைக்கிறான் எண்டு ரெண்டு கறி கூடினது.”

“உண்மையாவே சமையன்.”

“சமைச்சனான். புகையைக் கண்டிட்டு வாளியில தண்ணியோட வந்தவங்க. அதான், இனிச் சமைக்கிற சத்தம் மட்டும் கேட்டாக் காணும்.”

மோட்டார் ஓட்ட இணையத்தில் ஆயத்த நிரல்கள், லைப்ரரிகள், கொட்டிக் கிடந்தன. ஆனால் எல்லாம் மணிக்கூடு மாதிரி ஒரே சீராக ஓடுபவை. அப்படி ஒன்றை ஓட்டிய முதல் நாளே பக்கத்து வீட்டு ஜெஸீமா மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “மகன், ஓடாவி வந்திரிக்காரா? கதவு செய்யிறீங்களா?” பின்னேரம் அந்த இல்லாத தச்சனுக்கும் சேர்த்துச் சோறு வந்தது.

ஆகவே இன்பாஸ் தானே ஒரு லைப்ரரி எழுதத் தொடங்கினான். நறுக்கு, துருவு, தாளி, கிண்டு என்று நாலு கட்டளைகள். சமைக்கிற கை எப்படி ஓடும் என்று அவன் இணையத்தில் தேடவில்லை. மூன்று வெட்டு வேகம், நாலாவது மெல்ல. கறி இறக்குமுன் சட்டி விளிம்பில் கரண்டியால் இரண்டு தட்டு. எல்லாம் நினைவில் இருந்து வந்தன.

கண் துடைக்கும் இடைவெளியும் அன்றைக்குச் சரிவந்தது. மோட்டார்க் கையில் தளர்ந்து கிடந்த இரண்டு வாஷர் மட்டும் ஒவ்வொரு வெட்டுக்கும் வளையல் போலக் கிலுங்கின. டிலக்சன் அவற்றை இறுக்கப் போனான்.

“விடு, அது கிடக்கட்டும்,” என்றான் இன்பாஸ்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் குசினி தானாகவே சமைக்கத் தொடங்கியது. அன்று சோறு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை இன்பாஸ் நூடில்ஸ் அவித்து, நின்ற நிலையில் சட்டியோடு தின்றான். உப்புக் கூடிவிட்டது. யாரும் பாவம் சொல்லவில்லை.

‘லூப் முடிஞ்சுது’ என்று டிலக்சனுக்குத் தகவல் அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தபோது கேற்றடியில் ஒழுங்கையே நின்றது. ஜெஸீமா மாமி முன்னால். பின்னால் ஏழெட்டுப் பெண்கள். எல்லார் கையிலும் துணியால் மூடிய சஹன் தட்டு. நெய்ச்சோற்று வாசம் வீதி வரைக்கும் அடித்தது. வீட்டுக்குள் மத்தியானச் சமையல் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

மாமியின் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. “எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாம விட்டது பிழைதான் மகன். பரவாயில்ல, நாங்க கோவிக்கல்ல.”

“மாமி, என்னத்தச் சொல்லுறீங்க…”

“நீங்க ஒண்டும் கதைக்க வாணாம். தள்ளுங்க.”

அவனைத் தாண்டி முன்னறைக்குள் வந்த மாமி, குசினித் திரைக்கு இந்தப் பக்கமே மரியாதையாக நின்றுகொண்டார். உள்ளே ‘சுர்ர்’ என்றது. மாமி முந்தானையைச் சரிசெய்து, குரலைத் தணித்துத் திரையைப் பார்த்துச் சொன்னார்:

“கரண்டிய வைங்க மகள், புதுப்பொண்ணுக்கு நாப்பது நாளைக்குச் சோறு நாங்கதான்!”